தாத்தா இல்ல, தாத்தா!

சேலையூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சுடலைக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. வாட்ஸப்பில் ஒரு வரியில் முடிகிற சங்கதிக்கும் தாள் தாளாக எழுதிக் கவரில் போட்டு அனுப்புகிற ஆள் இன்னும் நீ ஒருத்தன்தான் இருக்கிறாய். ஓரத்தில் செங்குத்தாக எழுதியிருந்ததைப் படிக்க என் வீட்டுக்காரி விசாலம் தாளைச் சுற்றிச் சுற்றித் திருப்பினாள். கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. பார்வை தெளிந்துவிட்டது என்று நீயாகவே முடிவு கட்டிச் சொட்டு மருந்தை நிறுத்திவிடாதே. எனக்கு முழங்கால்தான் தகராறு. படி ஏறும்போது சும்மா இருக்கிறது, இறங்கும்போது உயிரை எடுக்கிறது. மற்றபடி பென்ஷன் வருகிறது, தூக்கம் வருகிறது, குறை ஒன்றும் இல்லை.

சரி, நீ கேட்ட விஷயம். பேரன் செழியனிடம் இனிமேல் யாரும் மழலையில் பேசக் கூடாது, அவன் தப்பாகச் சொன்னால் உடனே திருத்த வேண்டும் என்று உன் மருமகள் சட்டம் போட்டுவிட்டாள். "இத்தனை பிள்ளை வளர்ந்த வீட்டில் எனக்கே பாடமா" என்று நீ பொங்கியிருக்கிறாய். என் மருமகள் பேச்சுப் பயிற்சி தருகிற படிப்புப் படித்தவள் என்பதால் அவளிடம் கேட்டு எழுதச் சொல்கிறாய். கேட்டேன். அவள் சொன்னதும் நான் பார்த்ததுமாக எழுதுகிறேன். தீர்ப்பு உனக்குப் பாதி, உன் மருமகளுக்குப் பாதி. சண்டை போடாமல் முழுக்கப் படி.

முதலில் எங்கள் வீட்டுக் கதை. பேத்தி யாழினிக்கு இப்போது இரண்டரை வயது. இந்தக் காலத்துப் பெற்றோர் பிள்ளைக்குப் பேர் வைத்தால் அதில் ஒரு ழகரம் இருந்தே ஆக வேண்டும் போலிருக்கிறது. பக்கத்து வீட்டில் மகிழன், எதிர்வீட்டில் கயல்விழி, உன் வீட்டில் செழியன். பேரைச் சுமக்கிற பிள்ளைக்கு மட்டும் அதைச் சொல்ல வராது. இவள் தன்னை "யாயினி" என்கிறாள். உன் பேரன் "தெயியன்" என்கிறான் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் மருமகள் சிரித்துவிட்டுச் சொன்னாள்: "மாமா, ரெண்டு பேரும் ஒரே இலக்கணத்தில்தான் பேசுறாங்க."

உண்மைதான். கொஞ்ச நாள் கவனித்தால் பிடிபட்டுவிடும். யாழினி வாயில் க, ச, ட மூன்றும் த ஆகிவிடும். ர, ழ இரண்டும் ய ஆகிவிடும். தோசை "தோத்தை", ரயில் "யயில்", குரங்கு "துயந்து". இந்தச் சட்டத்தை மனதில் வைத்துக்கொண்டால் அவள் புதிதாக எந்தச் சொல்லைச் சொன்னாலும் மொழிபெயர்த்துவிடலாம். தெரியாத ஆளுக்குத்தான் திண்டாட்டம். மத்தியானம் கீரைச் சோறு சாப்பிட்டாள் என்றால் சாயங்காலம் வருகிறவர்களிடம் "தீயை தாப்பித்தேன்" என்பாள். கேட்டவர்கள் பதறிப்போவார்கள். பழக்கடையில் நின்றுகொண்டு "பயம் வேணும், பயம் வேணும்" என்று அழுவாள். "அது நான் விக்கிறதில்லையே பாப்பா, வீட்டில் தாத்தாகிட்ட கேளு" என்றார் கடைக்காரர்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் "தாயம்! தாயம்!" என்று கத்தினாள். முந்தின நாள் சாயங்காலம் விசாலம் தாயம் ஆடினதைப் பார்த்திருக்கிறாள், அதுதான் ஆட வேண்டும் என்கிறாள் என்று நினைத்து விசாலம் கட்டையைத் தேடப் போய்விட்டாள். பிள்ளை கண்ணில் தண்ணீரோடு நாக்கை நீட்டிக்கொண்டு நின்ற பிறகுதான் தெரிந்தது, அது காரம்.

இதில் நான்தான் பெரிய அளவில் பாதிக்கப்பட்டவன். க எல்லாம் த ஆனால் காக்கா என்ன ஆகும்? யோசித்துப் பார். "தாத்தா." வீட்டில் தாத்தா நான் ஒருவன், மாடிச் சுவரில் தாத்தாக்கள் நிறைய. தாம்பரம் விமானப்படைத் தளம் பக்கத்தில் இருப்பதால் எங்கள் தலைக்கு மேல் அடிக்கடி ஹெலிகாப்டர் பறக்கும். அது "எலிதாத்தா". ஆக, நான் மூன்றில் ஒருவன்.

போன அமாவாசைக்கு விசாலம் மொட்டைமாடியில் சோறு வைத்துவிட்டு "கா கா" என்று கூப்பிட்டிருக்கிறாள். கூட நின்ற பிள்ளையும் தொண்டை கிழியக் கூப்பிட்டது: "தாத்தா வா! தாத்தா வா! மம்மு தாப்பிது வா!" கீழே பேப்பர் படித்துக்கொண்டிருந்த நான் என்னவோ ஏதோ என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஏறிப் போனேன். விசாலம் திரும்பிப் பார்த்து அலட்டிக்கொள்ளாமல் சொன்னாள்: "உங்களை இல்லை. எங்கப்பாவை." மாமனார் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, உனக்குத் தெரியும். பேரன் மகளைப் போல அவரை இவ்வளவு பொருத்தமாக வேறு யாராலும் கூப்பிட்டிருக்க முடியாது. காக்காயும் வந்தது.

இந்தக் காக்கா விஷயத்தில்தான் நான் ஒன்று கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்றால் எனக்கு முன்னால் வேறு ஆட்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள், அதை அப்புறம் சொல்கிறேன். ஜன்னலில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது. "தாத்தா!" என்றாள். நானும் அவளைப் போலவே, "ஆமா, தாத்தா" என்றேன். உடனே முகம் மாறிவிட்டது. "தாத்தா இல்ல. தாத்தா!" என்றாள். "அதான், தாத்தா." "இல்ல! தாத்தா!" காலை உதைக்கிறாள். கடைசியில் "காக்காவா?" என்று கேட்டதும், இந்தக் கிழவனுக்கு இப்போதாவது புரிந்ததே என்பது போலப் பெருமூச்சு விட்டுத் தலையாட்டினாள்.

ராத்திரி மருமகளிடம் சொன்னேன். அவர்கள் பாடத்திலேயே இது வருகிறதாம். 1960-இல் அமெரிக்காவில் ஜீன் பெர்கோ, ரோஜர் பிரவுன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதே கூத்தை எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரு பையன் தன் பொம்மை மீனை "ஃபிஸ்" என்கிறான். பெரியவர் "இது உன் ஃபிஸ்ஸா?" என்று கேட்டால் "இல்லை, என் ஃபிஸ்" என்று மறுக்கிறான். "ஃபிஷ்ஷா?" என்றதும் "ஆமாம், என் ஃபிஸ்" என்கிறான். அதாவது பிள்ளையின் காது சரியாகத்தான் கேட்கிறது. மனதில் இருக்கிற சொல்லும் சரியான சொல்தான். வாய்க்கு வருகிற வழியில்தான் மாறிப்போகிறது. தான் மாற்றிச் சொல்கிறோம் என்பது அதற்குத் தெரிவதில்லை. நாம் மாற்றிச் சொன்னால் மட்டும் உடனே தெரிந்துவிடுகிறது.

"அப்படியென்றால் நாக்கு திரும்பவில்லை, அவ்வளவுதானே" என்றேன். அதுவும் முழு உண்மை இல்லையாம். நீல் ஸ்மித் என்று லண்டனில் ஒரு மொழியியல் பேராசிரியர். தன் மகன் பேசப் பழகியதைக் குறித்துவைத்து 1973-இல் புத்தகமாகவே போட்டார். தேங்கி நிற்கிற மழைத்தண்ணீருக்கு ஆங்கிலத்தில் "பட்ல்" என்பார்கள் அல்லவா? அந்தப் பையன் அதை "பக்ல்" என்றான். சரி, அவனுக்கு "பட்ல்" என்று சொல்ல வராது போலிருக்கிறது என்று நினைப்போம். ஆனால் துண்டுகளைச் சேர்த்துப் படம் அமைக்கிற விளையாட்டு இருக்கிறதே, "பஸ்ல்", அதைச் சுத்தமாக "பட்ல்" என்று சொன்னான்! வேண்டிய இடத்தில் வராத ஓசை வேண்டாத இடத்தில் வந்து நிற்கிறது. வெறும் நாக்குக் கோளாறு என்றால் இப்படி நடக்காது. பிள்ளை தனக்கென்று ஒரு சட்டம் வைத்துக்கொண்டு அதன்படி ஒழுங்காகப் பேசுகிறது. நம் சட்டத்துக்கும் அதற்கும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு இது மிகவும் பிடித்துப்போய்விட்டது. யோசித்துப் பார்த்தால் பெரியவர்கள் மட்டும் என்ன வாழ்கிறது? நம் ஆச்சிமார் மதுரையை "மருதை" என்றும் குதிரையை "குருதை" என்றும்தான் சொன்னார்கள். ஸ்கூலை "இஸ்கூல்" ஆக்கினோம். தசையைப் புரட்டிப்போட்டுச் சதை ஆக்கினோம், அதற்கு இலக்கணப் போலி என்று மரியாதையான பேர் வேறு. பிள்ளை செய்தால் மழலை, ஊர் செய்தால் மரூஉ. கிருஷ்ணமூர்த்தி என்று எனக்கு வைத்த பேரை நீங்கள் எல்லோரும் சேர்ந்து "கிட்டு" ஆக்கினீர்களே, அதுவும் இரண்டு வயதுப் பிள்ளை செய்கிற வேலைதான்: கடினமான கூட்டெழுத்தை நசுக்கி, மிச்சத்தை வெட்டிப்போட்டு, வாய்க்கு வசதியாக இரட்டிக்க வைப்பது.

ழகரத்தைப் பற்றிப் பேசவே நமக்கு யோக்கியதை கிடையாதுலே. எட்டாம் வகுப்பில் தமிழையா நம்மை வரிசையாக நிற்க வைத்து "வியாழக்கிழமை ஏழைக்கிழவன் வாழைப்பழத்தோல் வழுக்கிக் கீழே விழுந்தான்" என்று சொல்லச் சொன்னாரே, நினைவு இருக்கிறதா? வகுப்பு மொத்தமும் "வியாளக்கிளமை ஏளைக்கிளவன்" என்று முழங்கினோம். திருநெல்வேலிக்காரன் வாளப்பளம் தின்கிறான், சென்னையில் வாயப்பயம் தின்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிற அம்மா, யாழினியிடம் "பயம் வாணுமா கண்ணு?" என்றுதான் கேட்கிறார். பிள்ளைக்கு ஒரே சந்தோஷம், தன் மொழி பேசுகிற ஒரு ஆள் கிடைத்துவிட்டதே என்று.

எந்த ஓசை முதலில் வரும், எது கடைசியில் வரும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ப, ம இரண்டும் உதட்டில் பிறக்கிறவை. அம்மா முகத்தைப் பார்த்தாலே உதடு மூடித் திறப்பது தெரியும். ழ அப்படியா? நாக்கு மேலே வளைய வேண்டும், ஆனால் எதையும் தொடக் கூடாது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ர, ற, ழ எல்லாம் நாலைந்து வயது வரைகூட இழுக்கலாம் என்கிறாள் மருமகள். ரோமன் யாகப்சன் என்ற மொழியியலாளர் இந்த ஓசை வரிசையைப் பற்றி 1941-லேயே எழுதினார். உலகத்தில் பெரும்பாலான மொழிகளில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மகரமும் பகரமும் வருவதும் இதனால்தான் என்பது அவர் கட்சி. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு: ஜார்ஜிய மொழியில் "மாமா" என்றால் அப்பா, "தேதா" என்றால் அம்மா. நம்மூர் மாமன்மார் யாரும் அந்தப் பக்கம் போய்ப் பிள்ளையிடம் உறவு கொண்டாடாமல் இருப்பது நல்லது. நம் உறவுப் பேர்களைப் பார், அம்மா, அப்பா, அத்தை, தாத்தா, பாப்பா என்று எல்லாம் பொக்கை வாய்க்கென்றே செய்து வைத்தது போல இருக்கிறது. பெரியப்பா, கொழுந்தனார் போன்றவை பிள்ளை கொஞ்சம் வளர்ந்தபின் தேவைப்படுகிறவை.

உச்சரிப்பு மட்டும் இல்லை. "உனக்குப் பசிக்குதா?" என்று நாம் கேட்டுக் கேட்டு, யாழினிக்குப் பசித்தால் அவளும் "உனத்துப் பதித்துது" என்கிறாள். "பாப்பா என்ன பண்ணுது?" என்று பிள்ளையை அஃறிணையில் கொஞ்சுகிறோமா, பதிலுக்கு "அப்பா வந்துத்து" என்று தகப்பனையும் அஃறிணை ஆக்கிவிட்டாள். என் மகனுக்கு அதில் வருத்தமில்லை. இதற்கெல்லாம் நீ "குழல் இனிது" என்று ஆரம்பித்து அடுத்த கடிதத்தில் குறள் எழுதுவாய். வேண்டாம், தெரியும்.

இப்போது தீர்ப்பு.

பிள்ளையிடம் கொஞ்சிப் பேசவே கூடாது என்று உன் மருமகள் சொல்வது சரியில்லை. நாம் பிள்ளையிடம் பேசும்போது குரல் தானாக உயர்கிறது, சொல்லை நீட்டி இழுத்துச் சொல்கிறோம், சொன்னதையே திரும்பச் சொல்கிறோம். இது கெடுதல் செய்யாது, பிள்ளைகள் இந்தக் குரலைத்தான் அதிகம் விரும்பிக் கேட்கின்றன. 1997-இல் அமெரிக்கா, ரஷ்யா, சுவீடன் மூன்று நாட்டுத் தாய்மார்களின் பேச்சைப் பதிவு செய்து பார்த்திருக்கிறார்கள். மூன்று நாட்டிலும் அம்மாக்கள் கைக்குழந்தையிடம் பேசும்போது உயிரொலிகளை வழக்கத்தைவிடத் தெளிவாக விரித்துச் சொல்கிறார்களாம். அப்படியானால் கொஞ்சல் என்பதே ஒரு பாடம்தான். மம்மு, பப்பு, உவ்வா, மூச்சா, ஜோஜோ எல்லாம் சொல்லி வளர்ந்த நீயும் நானும் இன்று கடிதம் எழுதவில்லையா? அந்தச் சொற்களைத் தடை செய்கிற வீட்டில் ராத்திரி பிள்ளையை எப்படித் தூங்க வைப்பார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

ஆனால், பிள்ளையின் தப்பையே நீ திருப்பிச் சொல்லிக் காட்டுவது வேறு. "தெயியன் தாப்பித்தானா?" என்று நீ கேட்பதாக எழுதியிருக்கிறாய். அதில் உன் மருமகள் பக்கம்தான் நியாயம். காதில் சரியான சொல் விழ வேண்டும். அவனுக்கு வேண்டியது அதுதான், அதை நீயும் கெடுத்தால் அவன் எங்கே போவான்? அதே சமயம், "தப்பு! செ-ழி-யன், சொல்லு" என்று வாத்தியார் வேலை பார்ப்பதும் உதவாது. அவன் "தாத்தா வந்துத்து" என்றால், "ஆமா, காக்கா வந்துச்சு, காக்கா கறுப்பா இருக்கு பாரு" என்று பதில் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இரு. பதிலுக்குள்ளே திருத்தம் இருக்கட்டும், தனியாக எடுத்து நீட்ட வேண்டாம்.

இன்னொன்றும் உன்னிடம் சொல்ல வேண்டும். வருகிற விருந்தாளி முன்னால் பிள்ளையை நிறுத்தி "அதைச் சொல்லு, இதைச் சொல்லு" என்று வேடிக்கை காட்டுகிற பழக்கம். எங்கள் வீட்டுக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் செல்போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு "எலிதாத்தா சொல்லு, இன்னொரு தரம் சொல்லு" என்று விடாமல் கேட்டு, ஒவ்வொரு தரமும் கூடம் அதிரச் சிரித்தார். முதலில் யாழினியும் சேர்ந்து சிரித்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டு பீரோவுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டாள். அதற்கப்புறம் ஹெலிகாப்டர் போனால் மேலே கையை மட்டும் காட்டினாள், பேர் சொல்லவில்லை. மறுபடி சொல்லத் தொடங்க நாளாயிற்று. பெரிய மனிதர்களின் பேச்சைக் கேட்டுச் சிரித்தால் அவமானம் என்று நமக்குத் தெரிகிறது, இரண்டு வயதுக்கு மட்டும் அது இல்லை என்று எப்படி நினைக்கிறோமோ. சிரிப்பு வந்தால் அடுப்படியில் போய்ச் சிரி. நானும் விசாலமும் அப்படித்தான் செய்கிறோம்.

கடைசியாக, நீ ஓரத்தில் செங்குத்தாக எழுதியிருந்த விஷயம். அதுதான் உன் மனதை அரிக்கிறது என்று தெரிகிறது. செழியனுக்கு இரண்டு வயது முடிந்தும் சொற்கள் குறைவு, கூப்பிட்டால் சில நேரம் திரும்புவதில்லை என்கிறாய். தப்பாகப் பேசுவது கவலைப்பட வேண்டியதே இல்லை. இரண்டு வயதில் வெளியாளுக்குப் பாதி புரிந்தால் போதும், மூன்றில் முக்கால், நாலு வயதில் கிட்டத்தட்ட முழுதும் புரிய வேண்டும் என்பது மருத்துவர்கள் பொதுவாக வைத்திருக்கிற அளவு. ஆனால் பேச்சே குறைவு, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் முதலில் காதைப் பார்க்க வேண்டும். சளி பிடித்துக் காதுக்குள் நீர் கோத்திருந்தால்கூடக் கேட்பது மங்கும். உங்கள் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு ஒரு நடை கூட்டிப் போ. குழந்தைகளுக்கு வலி இல்லாமல் காது சோதனை செய்கிற கருவிகள் இருக்கின்றன. ஒன்றும் இல்லை என்றால் நிம்மதி, இருந்தால் சீக்கிரம் தெரிந்தது நல்லது. "ஆம்பிளைப் பிள்ளை தாமதமாத்தான் பேசும்" என்று உன் அக்கா சொல்வதைக் கேட்டு உட்கார்ந்திருக்காதே.

வசம்பு உரசி நாக்கில் தடவலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். நாக்கில் எதையும் தடவிப் பேச்சு வராது. தேனும் ஒரு வயது ஆகாத பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது என்கிறார்கள் டாக்டர்கள். உன் தங்கை மகள் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதே, அவளுக்கும் சொல். கோயிலுக்குப் போவது உன் இஷ்டம், சீர்காழி பக்கத்தில் திருக்கோலக்காவில் ஓசை கொடுத்த நாயகி சந்நிதிக்குப் பேச்சு வராத பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நிறையப் பேர் போகிறார்கள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். உங்கள் பக்கத்து ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசவில்லை, திருச்செந்தூரில் வாய் திறந்து பாடிவிட்டார் என்று அக்கா கதை சொல்வாள். அங்கேயும் போய்க் கும்பிட்டு வா, காது டாக்டரைப் பார்த்துவிட்டுப் போ. வரிசை அப்படி இருக்கட்டும்.

தை பிறந்ததும் மருமகளுக்கு லீவு கிடைத்தால் எல்லோரும் ஊருக்கு வருவதாக இருக்கிறோம். ரயிலில் கீழ்ப் படுக்கை கிடைத்தால்தான் என் முழங்கால் சம்மதிக்கும். வரும்போது உடன்குடிக் கருப்பட்டி வாங்கி வைக்கச் சொல்கிறாள் விசாலம், சீனி கலக்காததாகப் பார்த்து வாங்கு. காது சோதனை முடிந்ததும் கடிதத்துக்குக் காத்திராமல் போன் பண்ணு. உன் மருமகளிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு, முழுக்கக் காட்டு, உனக்குச் சாதகமான பக்கத்தை மட்டும் மடித்துக் கொடுக்காதே. செழியன் யாழினியை என்ன பேர் சொல்லிக் கூப்பிடப் போகிறான் என்று எங்கள் வீட்டில் பந்தயம் ஓடுகிறது. நான் "யாயினி" பக்கம் பணம் கட்டியிருக்கிறேன்.

அன்புடன்,
கிட்டு